ரெண்டு இலை தனியாப் போட்டாங்க... கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிய வ.வே.சு.ஐயரின் கடைசிக் கனவு!

கல்லிடைக்குறிச்சின்னு சொன்னதும் உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வரும்? அப்பளம்தானே! உளுந்த மாவில் உப்பு, பெருங்காயம், அப்பளக்காரம் சேர்த்துப் பிசைந்து, இடித்து, உருட்டி, மெல்லிசாகத் தேய்த்துக் காயவைக்கிற அந்த வட்டத்துக்கு ஏன் தனி ருசி என்று ஊர்க்காரர்களிடம் கேட்டால், கையை ஆற்றுப் பக்கம் நீட்டுவார்கள். எல்லாம் தாமிரபரணித் தண்ணி. அல்வாவுக்கும் அதே காரணம்தான். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கவே சாப்பாட்டுக்காரர்களின் சொர்க்கம். கல்யாணத்துக்கு மறுநாள் தேங்காய்ப்பாலில் மணக்கிற மாப்பிள்ளைச் சொதி, தொட்டுக்க இஞ்சித் துவையல். இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டா. நண்பர்களோட ஒரு வீக் எண்டு பிளான் போட்டால் வயிறு நிறைஞ்சுதான் திரும்பி வருவீங்க.

இந்த மாதிரிச் சின்னச் சின்னக் கடைகளில் ஒரு விஷயத்தை நீங்க கவனிச்சே இருக்க மாட்டீங்க. கூட்டமான நேரத்தில் போனால், ஒருத்தர்தானே, அந்த டேபிள்ல உட்காருங்க என்று சப்ளையர் கைகாட்டுவார். எதிரே முன்பின் தெரியாத ஒருத்தர் பரோட்டாவைப் பிய்ச்சுக்கிட்டு இருப்பார். நீங்க போனைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்து ஆர்டர் சொல்வீங்க. சாம்பார் வாளி அவர் இலைக்குப் போயிட்டு அப்படியே உங்க இலைக்கு வரும். அவர் யார், எந்த ஊர், என்ன ஆளுங்கன்னு யோசிச்சதே கிடையாது இல்லையா?

நூறு வருஷத்துக்கு முன்னால் இதே பள்ளத்தாக்கில், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்கிற கேள்வி ஒரு பள்ளிக்கூடத்தைக் கவிழ்த்தது. ஒரு கட்சியை உடைத்தது. அந்தக் கேள்விக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர் சாதாரண ஆள் இல்லை. ஆங்கிலேய உளவாளிகளுக்குத் தண்ணி காட்டியவர், திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர், தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி என்று பாடப்புத்தகத்தில் நீங்க ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்த வ.வே.சு.ஐயர்.

முதல் எழுத்துகளில் இருந்தே தொடங்கலாம். வரகனேரி வேங்கடேச சுப்பிரமணியம். திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற வரகனேரியில் 1881 ஏப்ரல் 2-ல் பிறந்தவர். திருச்சியில் படிப்பு, அப்புறம் வக்கீல் தொழில். கொஞ்ச நாள் ரங்கூன் வாசம். 1907-ல் பாரிஸ்டர் ஆகலாம் என்று லண்டனுக்குக் கப்பல் ஏறினார்.

இங்கே ஒரு சுவாரஸ்யம். அந்தக் காலத்தில் லண்டனில் பாரிஸ்டர் ஆகணும்னா பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. நீங்க சேர்ந்திருக்கிற சட்டச் சங்கத்தின் பெரிய கூடத்தில், மற்ற மாணவர்களோடும் வக்கீல்களோடும் உட்கார்ந்து இத்தனை விருந்து சாப்பிட்டிருக்கணும் என்று கணக்கு உண்டு. அட்டெண்டன்ஸ் மாதிரி. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதே படிப்பில் ஒரு பாகம்! ஐயர் சேர்ந்த லிங்கன்ஸ் இன்னிலும் அதே வழக்கம்தான். பின்னாளில் அவர் வாழ்க்கையில் நடந்ததை நினைச்சுப் பார்த்தால், விதி முன்கூட்டியே ஏதோ சொல்லப் பார்த்திருக்கு போல.

லண்டனில் அவருக்கு வீடு மாதிரி ஆனது ஹைகேட் பகுதியில் இருந்த இந்தியா ஹவுஸ். ஷியாம்ஜி கிருஷ்ண வர்மா 1905-ல் இந்திய மாணவர்களுக்காக ஆரம்பித்த விடுதி. வெளியே பார்த்தால் ஹாஸ்டல். உள்ளே சாவர்க்கரும் கூட்டாளிகளும் புரட்சிக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். படிக்கப் போன ஐயர் அங்கே புரட்சிக்காரர் ஆனார்.

1909 அக்டோபர் 24-ல் லண்டன் இந்தியர்கள் ஒரு தசரா விருந்து வைத்தார்கள். தலைமை தாங்கக் கூப்பிட்டது, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தியை. சைவச் சாப்பாடாக இருக்கணும், சர்ச்சையான அரசியல் பேசக் கூடாது என்று அவர் கண்டிஷன் போட்டுத்தான் ஒப்புக்கொண்டார். ஐயரின் நண்பர், ஸ்ரீரங்கத்துக்காரர் டாக்டர் டி.எஸ்.எஸ்.ராஜன் இந்த விருந்தைப் பற்றிப் பிற்பாடு தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். மாணவர்களே சமைத்துக்கொண்டிருந்தபோது ஒல்லியான ஒருத்தர் முன்கூட்டியே வந்து பாத்திரம் கழுவி, காய்கறி நறுக்கி ஒத்தாசை பண்ணிக்கொண்டிருந்தாராம். யாரோ உதவிக்கு வந்த ஆள் என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். கடைசியில்தான் தெரிந்தது, அன்றைக்குத் தலைமை தாங்க வேண்டிய காந்தியே அவர்தான் என்று. இந்தப் பேர்களை ஞாபகம் வெச்சுக்கோங்க. காந்தி, ராஜன், ஐயர். மூணு பேரும் பதினாறு வருஷம் கழித்து இன்னொரு சாப்பாட்டு விஷயத்தில் திரும்ப வருவாங்க.

1910-ல் சாவர்க்கர் கைதானதும் ஐயர் லண்டனை விட்டு நழுவினார். சீக்கியர் மாதிரி வேஷம். வழியில் ஒரு துப்பறியும் ஆள், பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளைக் காட்டி மடக்கப் பார்த்தபோது, அது விக்ரம் சிங் என்கிற தன் பேர் என்று சமாளித்துவிட்டார் என ஒரு கதை ரொம்ப காலமாகச் சொல்லப்படுகிறது. அந்த வருஷமே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அங்கே பாரதியார், அரவிந்தர் என்று பெரிய செட். ஏறத்தாழ பத்து வருஷம் அங்கேதான். 1911-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி தந்தது இவர்தான் என்றும் சொல்வார்கள்.

ஆனா, புதுச்சேரி ஐயரை வெறும் துப்பாக்கிக்காரராகப் பார்த்தால் பாதி ஆளைத்தான் பார்த்ததா ஆகும். 1915-ல் எழுதிய `குளத்தங்கரை அரசமரம்’ கதையில், ஒரு மரமே நமக்குக் கதை சொல்லும். ருக்மணி என்கிற சின்னப் பெண்ணின் வாழ்க்கை, பணமும் சீரும் பார்க்கிற பெரியவர்களால் எப்படி நாசமானது என்பதுதான் விஷயம். தமிழின் முதல் நவீனச் சிறுகதை இதுதானா என்று விமர்சகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அவங்க போடட்டும். நீங்க போன்லயே படிச்சிடலாம், சின்னக் கதைதான், எழுத்து எல்லாருக்கும் பொதுவாகி எத்தனையோ வருஷமாச்சு. வீட்டுப் பெரியவர்களின் பிடிவாதம் பிள்ளைகளை என்ன பண்ணும் என்று அந்த மனுஷருக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு என்பது அதில் புரியும். அதனால்தான் அடுத்து வருவது உறுத்துது.

முதல் உலகப் போர் முடிந்து, பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் திரும்ப வழி திறந்தது. ஐயர் காந்தியின் பாதைக்கு வந்திருந்தார். சென்னையில் `தேசபக்தன்’ பத்திரிகைக்கு ஆசிரியர். அதில் வந்த எழுத்துக்காக ஒன்பது மாத ஜெயில், பெல்லாரியில். சும்மா இருந்தாரா? கம்ப ராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழு ஆராய்ச்சி நூலையே எழுதினார். கம்பனில் குகன் வருகிற இடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராமனுக்காகத் தேனும் மீனும் கொண்டுவந்து நிற்பான் அந்த வேட்டுவன். சுற்றியிருக்கும் முனிவர்கள் முன்னால் ராமன் முகம் சுளிக்க மாட்டான். அன்போடு கொண்டுவந்ததால் அது தூய்மையானது, நாங்களும் சாப்பிட்ட மாதிரிதான் என்று ஏற்றுக்கொள்வான். கம்பனைக் கரைத்துக் குடித்த ஐயர் இந்த இடத்தைத் தாண்டாமல் போயிருக்க முடியாது.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு குருகுலம்

ஜெயிலிலிருந்து வந்தவர் கையில் ஒரு புதுக் கனவு இருந்தது. வெள்ளைக்காரனுக்கு குமாஸ்தா தயாரிக்கிற பள்ளி வேண்டாம். தமிழிலேயே பாடம், கூடவே உடற்பயிற்சி, விவசாயம், கைத்தொழில், நாட்டுப்பற்று. பிள்ளைகள் ஆசிரியர்களோடேயே தங்கிப் படிக்கணும். 1922 கடைசியில் கல்லிடைக்குறிச்சியில் அந்தத் தமிழ்க் குருகுலம் தொடங்கியது. பிறகு அதே ரயில் பாதையில் திருநெல்வேலிப் பக்கமாக இருக்கிற சேரன்மாதேவிக்கு இடம் மாறியது. `பாலபாரதி’ என்று ஒரு பத்திரிகையும் அங்கிருந்து வந்தது.

பணம்? ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டினார். கொடுத்தவர்களில் நிறைய பேர் பிராமணர் அல்லாதவர்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிற தேசியப் பள்ளி என்று நம்பிக் கொடுத்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு, முதல் தவணையாக 5,000 கொடுத்தது. 1920-களின் 5,000 ரூபாய் என்றால் எவ்வளவு பெரிய தொகைன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

1924 வாக்கில் விஷயம் வெளியே கசிந்தது. குருகுலத்தில் இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடுகிறார்கள் என்று.

ஐயர் தரப்பு விளக்கம் இதுதான். மற்ற எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்திதான். அவரும் எல்லாரோடும் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். அந்த இரண்டு பையன்களின் பெற்றோர், தனியாகச் சாப்பாடு போட்டால்தான் சேர்ப்போம் என்று கேட்டார்கள். ஒப்புக்கொண்டுதான் சேர்த்தார். கொடுத்த வாக்கை மீற முடியாது.

எதிர்த்தரப்பு சும்மா விடவில்லை. பெரியவர் டாக்டர் பி.வரதராஜுலு நாயுடு தன் `தமிழ்நாடு’ பத்திரிகையில் விடாமல் எழுதினார். அப்போது காங்கிரஸில் செயலாளராக இருந்த பெரியார் ஈ.வெ.ராமசாமி, மீதி 5,000 ரூபாயைத் தர முடியாது என்று நின்றார். தனக்குத் தெரியாமலே இன்னொரு செயலாளர் வழியாக அந்தப் பணம் போய்விட்டது என்பது பெரியார் சொன்னது. இடம் மட்டுமல்ல, இலையில் விழுந்ததிலும் வித்தியாசம் இருந்தது, ஒரு தரப்புக்கு உப்புமா, இன்னொரு தரப்புக்குப் பழைய சோறு என்கிற குற்றச்சாட்டையும் அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ரெண்டே ரெண்டு பசங்கதானே, இதுக்குப் போய் இவ்வளவு அமர்க்களமா என்று உங்களுக்குத் தோணலாம். அன்றைக்கும் பல தலைவர்கள் இதையேதான் கேட்டார்கள். ஆனால் கொஞ்சம் அந்தப் பந்தியில் உட்கார்ந்து பாருங்க. உங்களுக்குப் பன்னிரண்டு வயசு. காலையில் கூடவே ஆற்றில் குளிச்சவன், கூடவே தோட்டத்தில் மண் வெட்டினவன், சாப்பாட்டு மணி அடிச்சதும் எழுந்து வேற பக்கம் போறான். ஏன்னு யாரும் உங்களுக்கு விளக்கிச் சொல்ல மாட்டாங்க. சொல்லணும்னு அவசியமும் இல்லை, தினமும் மூணு வேளை அந்தப் பாடம் நடக்குது. ஐயருக்கு இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்த வாக்கு கண்ணுக்குத் தெரிந்தது. மீதிப் பிள்ளைகளிடம், நீங்க எல்லாரும் ஒண்ணுதான் என்று பள்ளிக்கூடமே கொடுத்திருந்த வாக்கு அதைவிடப் பெரியது என்பது தெரியவில்லை. ஊர்ப்பணத்தில் நடக்கிற இடத்துக்கும் சொந்த வீட்டு அடுப்படிக்கும் உள்ள வித்தியாசம் அது. இந்த இடத்தில் எனக்கு நாயுடு, பெரியார் பக்கம்தான் நியாயம் தெரியுது.

1925 மார்ச்சில் காந்தி தமிழ்நாடு வந்தபோது பஞ்சாயத்து அவரிடமே போனது. லண்டன் விருந்துக்குக் காய் நறுக்கிய அதே காந்தி. அவர் ஒரு நடுவழி சொன்னார். ஏற்கெனவே வாக்கு கொடுத்துவிட்டதால் அந்த இரண்டு பையன்கள் மட்டும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், இனிமேல் சேர்கிறவர்கள் எல்லாரும் ஒரே பந்தியில்தான் சாப்பிடணும் என்பது அதன் சாரம். பொறுமைசாலிகளுக்குச் சரியான தீர்வு. ஆனால் இரண்டு பக்கமும் பொறுமை தீர்ந்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஏப்ரலில் காங்கிரஸ் கமிட்டி கூடியது. பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு பார்க்கிற வழக்கம் தேசிய இயக்கத்தில் இருக்கக் கூடாது என்கிற தீர்மானத்தை எஸ்.ராமநாதன் கொண்டுவந்தார். நிறைவேறியது. அதை ஏற்க முடியாமல் ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். விலகினவர்களில் ஒருத்தர், லண்டன் சமையலறைக் கதையை எழுதிய அதே டி.எஸ்.எஸ்.ராஜன். ஐயரும் குருகுலப் பொறுப்பை விட்டு ஒதுங்கினார்.

கல்யாண தீர்த்தம்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து அம்பாசமுத்திரம் தாண்டிப் போனால் பாபநாசம். அங்கே அகஸ்தியர் அருவிக்கு மேலே பாறைகளுக்கு நடுவில் தாமிரபரணி பாய்கிற இடத்துக்கு கல்யாண தீர்த்தம் என்று பேர். பேரைக் கேட்டால் மங்களம். இறங்கினால் ஆபத்தான ஆழம்.

1925 ஜூன் முதல் வாரம். குருகுலத்துப் பிள்ளைகளோடு ஐயர் அங்கே உல்லாசப் பயணம் போயிருந்தார். மகள் சுபத்ராவும் கூட வந்திருந்தாள். தண்ணீரைக் கடக்கும்போது அவள் தவறி விழுந்தாள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, மகளைக் காப்பாற்ற ஐயர் குதித்தார். இரண்டு பேருமே பிழைக்கவில்லை. லண்டன் போலீஸால் பிடிக்க முடியாத மனுஷருக்கு வயது 44.

பந்திச் சண்டையின் சூடு ஆறுவதற்குள் இப்படி ஒரு சாவு. பத்திரிகையில் அவரைக் கிழித்துத் தொங்கப்போட்டவர்களும் அவருடைய தியாகத்தை மறுத்தது இல்லை. குருகுலம் அவர் இல்லாமல் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

அந்த வருஷமே நவம்பரில் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள மறுத்ததால் பெரியார் வெளியேறினார். நேரடிக் காரணம் அந்தத் தீர்மானம்தான். ஆனாலும் சேரன்மாதேவி இலைகள் அந்தக் கோபத்தில் பெரிய பங்கு வகித்தன என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அடுத்து வந்த சுயமரியாதை இயக்க மாநாடுகளில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் சமபந்தி போஜனம் தவறாத நிகழ்ச்சி ஆனது.

சரி, அப்போ நம்ம ஹோட்டல்கள் எப்படி இருந்தன? காபி கிளப்புகள் ஊர் ஊராக முளைத்த காலம் அது. வீட்டுக்கு வெளியே காசு கொடுத்துச் சாப்பிடுவதே புதுப் பழக்கம். அங்கேயும் வீட்டுக் கட்டுப்பாடு பின்னாலேயே வந்தது. பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்கு வேறு இடம், பட்டியல் சாதியினருக்கு உள்ளே வரவே அனுமதி இல்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இதே பிரிவினை. திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போகிற வண்டியில் எல்லாரும் ஒரே பெட்டியில் இடித்துக்கொண்டு வரலாம், இறங்கி இட்லி சாப்பிடத்தான் தனித்தனி இடம்! ரயில் நிலையங்களில் இந்தப் பிரிவினை 1941-ல்தான் போனது. அதற்குப் பெரியாரும் அவர் இயக்கமும் தொடர்ந்து குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

1950-ல் அரசியல் சாசனம் வந்தது. அதன் 15-வது பிரிவை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. சமத்துவம், சகோதரத்துவம் மாதிரிப் பெரிய வார்த்தைகளுக்கு நடுவில் கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், கிணறுகள், குளிக்கிற துறைகள் என்று ரொம்பச் சாதாரணமான இடங்களைப் பேர் சொல்லி, அங்கெல்லாம் சாதி, மதம், பிறந்த இடம், ஆண் பெண் என்று எதைக் காட்டியும் யாரையும் தடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு நாட்டின் சாசனத்தில் ஹோட்டல் ஏன் வந்துச்சுன்னு கேட்கிறவங்களுக்கு சேரன்மாதேவிக் கதையைச் சொல்லலாம்.

சாசனம் வந்தும் பெயர்ப்பலகைகள் உடனே மாறவில்லை. `பிராமணாள்’ என்கிற அடைமொழியோடு ஹோட்டல்கள் தொடர்ந்தன. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் அப்படி ஒரு ஹோட்டல் முன்னால் பெரியாரின் தொண்டர்கள் தினமும் மறியலில் நின்றார்கள். தினமும் கைதானார்கள், மறுநாள் வேறு ஆட்கள் வந்து நின்றார்கள். மாதக்கணக்கில் இது நடந்தது. அந்தப் பலகையிலிருந்து அந்த ஒற்றை வார்த்தை போனது 1958-ல்தான்.